எதிரே நடந்து வந்த மகனுக்கு

கண்ணு,

நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எழுதினால் நீ நம்பமாட்டாய். உடனே போன் போட்டு, "விரல்ல கிளிப்ப மாட்டி ஆக்சிஜன் நம்பர் சொல்லும்மா" என்பாய். அதனால் அதை விட்டுவிடுகிறேன். நேற்று எப்படி இருந்தேனோ இன்றும் அப்படித்தான். குளித்துவிட்டு வந்து புடவை கட்டி முடிப்பதற்குள் கட்டிலில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். தலை வாரிக்கொள்வதை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தேன். அவ்வளவுதான் செய்தி. பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த விஷயத்தைப் போனில் எத்தனையோ தடவை ஆரம்பித்துப் பார்த்துவிட்டேன். நாலு வார்த்தை பேசினால் எனக்கு மூச்சு இளைக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் நீ, "பேசாதம்மா, பேசாத, அப்புறம் பேசிக்கலாம்" என்று போனை வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வந்தபாடில்லை. எழுதினால் எனக்கு இளைப்பதில்லை. கை ஓய்ந்தால் பேனாவை வைத்துவிட்டு, மூச்சு சமாதானமானதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான் சொல்ல வந்ததைப் பாதியில் பிடுங்கி நீ முடித்துவைக்கவும் முடியாது. தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது. எதிர் வீட்டுச் செல்வியைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அவள் படித்தாலும் படிக்கட்டும், பரவாயில்லை.

திங்கட்கிழமை பேங்கில் நீ கொடுக்கப் போகும் டிரான்ஸ்பர் மனுவைப் பற்றித்தான் எழுதுகிறேன். சென்னையை விட்டுவிட்டு, உன் பெண்டாட்டி கலையும் வேலையை விட்டுவிட்டு, பாப்பாவைப் பள்ளிக்கூடம் மாற்றி, எல்லாரும் இங்கே அடி அண்ணாமலைக்கே வந்துவிடுவதாகச் சொன்னாய். "அம்மாவால மலைய விட்டுட்டு இருக்க முடியாது, நாமதான் வரணும்" என்று நீ கலையிடம் சொன்னது சமையலறையில் இருந்த எனக்கும் கேட்டது. அந்த மனுவைக் கொடுக்காதே. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டுப் போன் போடாதே.

போன பௌர்ணமியை எடுத்துக்கொள். முதல் நாளே எனக்கு நெஞ்சு அடைக்க ஆரம்பித்துவிட்டது. நெபுலைசர் மெஷினில் ஊற்றுகிற மருந்து தீர்ந்துபோயிருந்தது. நம் ஊர் மருந்துக் கடையிலும் இல்லை. டவுனுக்குப் போய் வாங்கி வரச் சொல்லலாம் என்று நினைப்பதற்குள் மலை சுற்றுகிற கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது, ரோட்டை அடைத்துவிட்டார்கள். பௌர்ணமி அன்று நம் வீட்டுக்கு ஆட்டோ வராது என்று உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ போன் செய்தாய், நான் "ம்" என்றேன், அந்த ஒரு "ம்" உனக்குப் போதுமாக இருந்தது. கலையையும் கூட்டிக்கொண்டு, பாப்பாவைக் கலையின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, பஸ் ஏறிவிட்டாய். ஊருக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். டவுனில் மருந்தை வாங்கி, நடக்க ஆரம்பித்தாய். கூட்டத்தோடு சேர்ந்து சுற்றி வந்தால் வெகுதூரம் என்று குபேர லிங்கத்துப் பக்கமாக, எல்லாரும் வருகிற திசைக்கு எதிரே வந்தாய்.

இந்த ஊரில் பிறந்தவன் அப்படி நடப்பானா? மலையை வலப்பக்கம் வைத்துத்தான் நடக்க வேண்டும் என்று சின்ன வயதில் உன் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அன்றைக்கு லட்சம் பேர் ஒரு பக்கமாக வர, நீ ஒருத்தன் மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போயிருக்கிறாய். கலைதான் பிறகு எல்லாம் சொன்னாள். ஒரு பெரியவர் உன் தோளைப் பிடித்து நிறுத்தி, "யோவ், எதிர்ல எங்கய்யா போற? பாவம்யா அது, திரும்பு" என்றாராம். நீ, "எங்கம்மா வூடு அந்தாண்டதான்யா இருக்குது, வுடுங்க" என்று கத்தினாயாம். அவர் பயந்துபோய் விட்டுவிட்டாராம். நீ போன வேகத்தில் பெண்டாட்டியைக் கூட்டத்தில் விட்டுவிட்டு வந்ததுகூட உனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீ வாசலில் வந்து நின்றபோது உன் சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும்போல் இருந்தது. அந்தச் சின்னக் குப்பியின் மூடியைத் திருகி உடைத்து மருந்தை ஊற்றினாய். மாஸ்க்கை மாட்டி மெஷினைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் சாய்ந்துவிட்டாய். கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு இறங்கிவிட்டது. உனக்கு இறங்கவில்லை. உன் நெஞ்சு ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். பேச முடிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன், போதும்டா கண்ணு என்று.

எனக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பு கொடுத்தது. ஈர விறகு, ஜன்னல் இல்லாத கொட்டகை, ஒரு ஊதுகுழல். எத்தனை வருடம் ஊதினேன் என்று எண்ணவில்லை. கேஸ் அடுப்பு வந்தபோது எனக்கு ஓய்வு பெறுகிற வயது. முதல்முதலாகப் பெரிய டாக்டரிடம் போனபோது, "பீடி, சிகரெட் பழக்கம் இருக்கா?" என்று அவர் கேட்க, நீ அவரை அடிக்கப் போகிறவன் மாதிரி முறைத்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அவர் நல்ல மனுஷர்தான். "அடுப்புப் புகைம்மா. பீடி குடிக்கிறவங்களுக்கு வர்ற அதே நோய்தான். முழுசா போவாது. ஜாஸ்தி ஆவாம பாத்துக்கலாம்" என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு அந்த நர்ஸ் பெண் உதட்டைக் குவித்து, சூடான பாலை ஆற்றுவது மாதிரி மெதுவாக ஊதி மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தது. காலமெல்லாம் ஊதித்தானே இந்தக் கதி, இன்னுமா ஊத வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. படி ஏறும்போது இப்போதும் அப்படித்தான் ஊதிக்கொண்டு ஏறுகிறேன்.

நீ என்னைப் பார்த்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்குச் சொல்லத் தெம்பு இருக்குமோ என்னமோ. வீட்டுக்குள் வந்ததும் நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை, நெஞ்சைத்தான் பார்க்கிறாய். அடுத்தது விரலை. "சாப்ட்டியா" என்று என்னைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? நான் மெதுவாக எழுந்து தண்ணீர் மொள்ளப் போனால் ஓடிவந்து சொம்பைப் பிடுங்குகிறாய். மெதுவாகத்தான் போவேன், ஆனால் போய்விடுவேன், விடு. செல்வியின் வீட்டுக்காரர் வாசலில் சருகு கொளுத்தினார் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாய். கத்தியது நியாயம்தான், புகை எனக்கு ஆகாது. அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ரசம் வருவது நின்றுபோனது. செல்வியும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானே ஒரு நாள் தட்டுத்தடுமாறி ரோட்டைக் கடந்து போய், "எம் புள்ள வாய் கொஞ்சம் அப்படித்தாம்மா, மனசுல வெச்சிக்காத" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவசரத்துக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வேண்டுமென்றால் எனக்கு அவள்தானே இருக்கிறாள்? நோயாளியைப் பார்த்துக்கொள்பவன் அக்கம்பக்கத்தையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் உன்னைப் போலத்தான். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் அத்தை வந்து, "அண்ணி, நீங்க வூட்டுக்குப் போய் தூங்குங்க, நான் ரெண்டு நாள் இருக்கேன்" என்றாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். எனக்குத்தான் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும் என்று ஒரு திமிர். கடைசி நாட்களில் அவர் என்னிடம் ஏதோ பேச ஆசைப்பட்டிருக்கிறார். நான் களைத்துப்போய் எரிந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். என்ன பேச நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீயும் இப்போது அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறாய். வாரா வாரம் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வருகிறாய், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே தூங்கிவிடுகிறாய், மருந்துக் கடைக்காரனிடம் சண்டை போடுகிறாய், ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறாய். உன் பெண் உன்னிடம் என்ன பேச நினைக்கிறாளோ, அதைக் கேட்க உனக்கு எந்தக் கிழமை இருக்கிறது?

இனி மலை விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன். எனக்கு நோய் என்று தெரிந்த புதிதில் என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் எனக்கு வருகிற இருமல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். சளி வெளியே வருகிறவரை விடாது. நம் ஊர் வீட்டில் கொல்லைப்பக்கம் போய் இருமிவிட்டு வந்துவிடுவேன். உங்கள் வீட்டில் கொல்லை ஏது? குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமுவேன். அப்படியும் வெளியில் கேட்டிருக்கும். ஒருநாள் பாப்பா பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து வீடு விளையாட்டு விளையாடினாள். ஒரு பொம்மை அம்மா, ஒன்று அப்பா. பாட்டிப் பொம்மை முறை வந்ததும், வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு அச்சு அசலாக என்னைப் போலவே இருமிக் காட்டினாள். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். குழந்தைக்கு என்ன தெரியும்? ஆனால் அன்று முழுக்க எனக்கு உடம்பு கூசியது. கலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடக்கூட வெட்கமாக இருந்தது.

மறுநாள், "மலையப் பாக்காம என்னால இருக்க முடியலப்பா, கொண்டுபோய் வுட்டுடு" என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நீ ஏன் எதற்கு என்று துருவியிருப்பாய். மலை என்றதும் நம் ஊரில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. நீயும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாய். சொந்தக்காரர்களிடமெல்லாம், "அம்மாவுக்கு மலைதான் உசுரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். கேட்டவர்கள், இந்த வயதிலும் இப்படி ஒரு பக்தியா என்று என்னைக் கும்பிடாத குறை. நானும் வாயை மூடிக்கொண்டு அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், ஒவ்வொரு பௌர்ணமியும் எப்போது விடியும் என்று ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். வாசலுக்கு வாசல் கற்பூரம், சாம்பிராணி, பொரி கடலை வறுக்கிற புகை. பக்கத்திலேயே வாயு லிங்கம் இருக்கிறது. காற்றுக்கென்றே ஒரு சாமியை வைத்துவிட்டு, அந்தச் சாமி மூச்சும் திணறுகிற அளவுக்குக் கற்பூரம் கொளுத்துகிறார்கள். இதையெல்லாம் பிள்ளையிடம்கூடச் சொல்ல முடியாமல் பக்தையாக உட்கார்ந்திருப்பது ரொம்ப அலுப்பாக இருக்கிறது கண்ணு.

பௌர்ணமிக்கு மறுநாள் நீ டவுனுக்குப் போயிருந்தபோது நடந்ததை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கட்டிலுக்கு அடியில் நான் சாம்பல் போட்டு ஒரு டப்பா வைத்திருப்பேன், துப்புவதற்கு. கலை பெருக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டுக் காலால் அதை உள்ளே தள்ளினேன். அவள் குனிந்து கையை விட்டு எடுத்துவிட்டாள். "வேணாம்மா, வெச்சிடு, வெச்சிடு" என்று நான் பதறுகிறேன். அவள் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பார்க்கிறாள். "அத்தை, கலர் மாறி பச்சையா வருதே, எத்தினி நாளா?" என்றாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். "இத அப்பவே சொல்லியிருந்தா டாக்டர் மாத்திரை குடுத்திருப்பாரு, மூச்சு இந்த அளவுக்குப் போயிருக்காது. இதுல இன்னாத்த வெக்கம்? லேப்ல டெய்லி நான் பாக்கறதே இதத்தான. ஊரான் வூட்டுச் சளியெல்லாம் பாக்கறேன், உங்களது பாக்க மாட்டேனா?" என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்குப் போய்க் கழுவி, புதுசாகச் சாம்பல் போட்டு, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். அவள் லேபில் வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அங்கே என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எவளுக்குப் பயந்து ஓடிவந்தேனோ, அவள் அதையே வேலையாக வைத்திருக்கிறாள். அன்று அவள் போன பிறகு தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், கொஞ்சம் சிரித்தேன்.

அதே கலைதான், நீ மனு கொடுக்கப் போவதாகச் சொன்னதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. இங்கயும் லேப் இருக்கும், பாத்துக்கலாம்" என்றாள். சொல்லும்போது தன் வளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள். அந்த வேலையில் அவள் எப்படி முன்னுக்கு வந்தாள் என்று உனக்குத் தெரியும். வயிற்றில் பாப்பாவை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியவள். அவள் உன்னிடம் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். மாமியாருக்கு மூச்சு இளைக்கும்போது எந்த மருமகள் வாயைத் திறந்து சொல்வாள்? அவளுக்காக நான் சொல்கிறேன். எனக்காகவும் சொல்கிறேன்.

நான் சென்னைக்கு வருகிறேன். சென்னையில் மட்டும் என்ன சந்தனக் காற்றா வீசுகிறது என்று நீ கேட்பாய். வீசாது, தெரியும். ஆனால் அங்கே உன் தெருமுனையில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பௌர்ணமி என்று யாரும் ரோட்டை அடைப்பதில்லை. பால்கனிப் பக்கத்து அறையில் கட்டிலைப் போடு. காலையில் நான் இருமும்போது யாரும் ஓடிவர வேண்டாம், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வீணாக்க மாட்டேன், நன்றாகச் சத்தமாகவே இருமிக்கொள்கிறேன். பாப்பா என்னைப் போல் இருமிக் காட்டினால் சிரியுங்கள். அவளுக்கு அந்த உதட்டைக் குவித்து ஊதுகிற வித்தையையும் சொல்லிக்கொடுக்கிறேன், பொம்மை மூச்சு விட வேண்டாமா? லிப்ட் நின்றுபோகிற அன்று கீழேயே வாட்ச்மேனோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், தூக்கிக்கொண்டு ஓடாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாமல் உன் பெண்டாட்டி பிள்ளையோடு எங்கேயாவது போய்விட்டு வா. டப்பாவை அவளிடம் கொடுப்பேன். விரல் கிளிப்பை மட்டும் உன்னிடம் கொடுத்துவிடுகிறேன், நீயே உன் விரலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிரு.

அங்கே எனக்கு ஒத்துக்கொள்ளுமா, எத்தனை நாள் இருப்பேன் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னது போல இது போகிற நோய் இல்லை. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நடுவில் நன்றாக இருக்கும், மறுபடி இறங்கும். நீ எவ்வளவு வேகமாக நடந்தாலும் அதை முந்த முடியாது. அது உனக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் நடக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மலையைப் பற்றிக் கவலைப்படாதே. இந்தச் சாமியை நினைத்தாலே போதும், பக்கத்தில் வரக்கூட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித்தானே இந்த ஊரே இவ்வளவு பெரிதாயிற்று? உன் பால்கனியில் உட்கார்ந்து நினைத்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் புகைக்கு நடுவில் அவனைப் பார்த்ததைவிட அங்கிருந்து தெளிவாகவே தெரிவான்.

சாவியைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு வரலாம். நீ வரும்போது அவள் வீட்டுக்காரரிடம் சிரித்து நாலு வார்த்தை பேசிவிடு. வருகிற பௌர்ணமி கழியட்டும், கூட்டம் கலையட்டும், ரோட்டைத் திறந்துவிடட்டும். கலையையும் கூட்டிக்கொண்டு ஒரு காரில் நிதானமாக வா. இந்தத் தடவை நீ யாருக்கும் எதிரே நடக்க வேண்டாம்.

உன் அம்மா